செயின் வலது கைப் பக்கம்

அண்ணன் உட்கார்ந்ததும் கட்டில் மணியடித்தது.

அவர் சட்டென்று எழுந்தார். மணி ஓய்ந்தது. வெந்நீரில் காலை வைப்பவர் மாதிரி மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். 'ட்ரிங்' என்றது கட்டில்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்த அண்ணன். அதே கட்டிலில் சுவரோரம் சாய்ந்து கால்களைப் போர்வைக்குள் வைத்திருந்த தங்கை. கையில் துடைப்பத்தோடு கதவோரம் நின்ற அண்ணி. மூன்று பேரில் இரண்டு பேருக்கு மணி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"என்ன சத்தம்?" என்றார் அண்ணன்.

"எது?" என்றாள் அண்ணி.

"மணிச் சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ரத்தக் கொதிப்பு இருந்தா காதுல மணியடிக்குமாம். எதுக்கும் உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

அண்ணன் மெத்தையைத் தூக்கினார். அடியில் துருவைச் சுரண்டி எண்ணெய் போட்ட சைக்கிள் மணி ஒன்று படுத்திருந்தது. அண்ணி துடைப்பத்தைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"அண்ணியைக் கூப்பிட" என்றாள் தங்கை, இமைக்காமல். "கத்திக் கத்தித் தொண்டை வலிக்குதுண்ணா."

அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு மணியை இருந்த இடத்திலேயே வைத்தார். இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் கட்டிலுக்கு அடியில் மூன்று சக்கரங்களையும், டப்பாவில் எண்ணெயில் ஊறுகிற செயினையும், சாக்கில் சுற்றிய ஒரு சைக்கிள் ஃபோர்க்கையும் பார்த்திருப்பார். ஆனால் இருபத்துநான்கு வருஷம் தங்கையைச் சுமந்த முதுகு அது. தேவையில்லாமல் வளையாது.

"தெருமுனைச் சங்கத்துலேருந்து கடுதாசி வந்திருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "ஆண்டு விழா. வர்ற திங்கக்கிழமை காலைல எட்டரைக்கு. இந்தத் தடவை பதக்கமாம். வெளியூர்லேருந்து சிறப்பு விருந்தினர் வந்து என் கழுத்துல போடறார். நீ அந்த நீலப் புடவையைக் கட்டிக்க, அது படத்துல நல்லா விழும்."

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு தையல் மிஷின்கடைல என்னை வரச் சொல்லியிருக்காங்கண்ணா."

"பாக்கலாம்" என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் 'முடியாது' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. 'பாக்கலாம்' போதுமானதாக இருந்தது.

நாலு வயதில் தங்கைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அப்போது அண்ணனுக்குப் பதினான்கு வயது. அன்றைக்கு முதுகில் ஏற்றியவர்தான். முதலில் அது உப்புமூட்டை விளையாட்டு மாதிரி இருந்தது. தெரு பார்த்தது. பார்த்த தெரு சும்மா இருக்குமா? "சுமைதாங்கி" என்று பெயர் வைத்தது. அப்பா அம்மா வைத்த பெயரை அவருடைய சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. தங்கைக்குத் தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை. அவள் சுமைதாங்கியோட தங்கச்சி.

அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நிஜமாகவே சுமந்தார். தையல்காரர் அவர் சட்டைக்கு மட்டும் முதுகுப் பக்கம் இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைத்தார். தனியாக நடக்கும்போதும் முன்னால் சாய்ந்தே நடந்தார்; ஒரு காற்று நாளில் அப்படிச் சாய்ந்தபடியே தபால்பெட்டியில் போய் முட்டினார் என்று சொல்வார்கள். தபால்பெட்டி கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. எந்த வரிசையிலும் அவருக்கு முதலிடம். தங்கை முதுகில் இல்லாத நாளிலும், பழக்க தோஷத்தில் ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். பெண் கொடுத்தவர்கள்கூட முதுகைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். "தங்கச்சியையே இப்படித் தாங்கறவன் பொண்டாட்டியை எப்படித் தாங்குவான்" என்றாராம் அண்ணியின் அப்பா. எட்டு வருஷம் கழித்து அண்ணியிடம் யாரோ கேட்டபோது, "தாங்கறார்னுதான் தெருவுல பேசிக்கறாங்க. எனக்கு இன்னும் தகவல் வரல" என்றாள்.

சுமந்தார், சரி. எங்கே சுமந்தார் என்பதுதான் கேள்வி. சங்கத்து விழாவுக்குச் சுமந்தார். உறவில் கல்யாணம் என்றால், எல்லாரும் உட்கார்ந்த பிறகு நடுவழியாகச் சுமந்து வந்தார். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தார். ஆறாம் வகுப்புப் பள்ளிக்கூடம் அவர் போகிற வழியில் இல்லை. படிப்பு அதோடு இறங்கிக்கொண்டது. ஒருதடவை அவள், "கடைத்தெரு வழியா சும்மா போயிட்டு வரலாமாண்ணா?" என்று கேட்டாள். "சும்மா எதுக்கு?" என்றார். சும்மா போவது கால் உள்ளவர்களின் சொத்து என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்கு எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி நன்கொடையாக வந்தது. மேடையில் வைத்து, "நம் சுமைதாங்கியின் தங்கைக்கு" என்று அறிவித்தார்கள். தங்கை அண்ணன் முதுகில் இருந்தாள். அவர் காதுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பளபளவென்று இரண்டு பெரிய சக்கரம். அண்ணன் மைக்கைப் பிடித்தார். "இந்த முதுகு இருக்கிறவரைக்கும் என் தங்கச்சிக்குச் சக்கரம் எதுக்கு?" என்றார். கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. முன்வரிசையில் இரண்டு பெண்கள் அழுதார்கள். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதுகுமேல் இருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டையைக் கேட்டா வண்டி பிடிக்கிறோம்?

நாற்காலி சங்கத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. மத்தியானம் பொருளாளர் அதில் தூங்குவார். சங்கத்துக்கு வாசலில் நாலு படி. அந்த நாற்காலியால் தானாக இறங்கி வெளியே வரவும் முடியாது.

அன்றைக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தோடு சேர்த்து, அண்ணன் வாங்கிய பதினொரு பத்திரங்களும் கண்ணாடி போட்டு தங்கையின் அறையில்தான் மாட்டியிருந்தன. மற்ற அறைகளில் சுவர் இல்லையா என்றால், இருந்தது. அந்த அறையில் இருப்பவளுக்குத்தான் பார்க்க நேரம் இருந்தது.

அவள் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலுக்குச் சேரவேண்டிய பலமும் கைக்கே போய்விட்டதோ என்னவோ, வீட்டுக்குள் உள்ளங்கைகளை ஊன்றி, மற்றவர்கள் நடக்கிற வேகத்தில் நகர்ந்துவிடுவாள். வெளியாள் வந்தால் மட்டும் நகரக் கூடாது என்பது அண்ணன் உத்தரவு. அண்ணியின் தையல் மிஷினை விளையாட்டாகப் பிரித்து மாட்ட ஆரம்பித்தவள், பிறகு தெருவில் எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் சரிபண்ணினாள். ஒருநாள் கடைத்தெருவிலிருந்து மிஷின்கடை அம்மா, தன் கடையில் மூன்று பேர் கைவிட்ட ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். தங்கை அதன் அடிவயிற்றில் விரலை விட்டு, உடைந்த ஊசிமுனை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கொடுத்த காப்பி ஆறவில்லை.

"என் கடைல ஒரு மேஜை காலியா இருக்கு. வந்துடறியா?" என்றார் அந்த அம்மா.

அடுத்த நாள் அண்ணன் சுமந்துகொண்டு போனார். ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, வழியில் நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லி, பதினொன்றரைக்குக் கடையில் இறக்கினார். பன்னிரண்டுக்கு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேலை என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மிஷின்கடை அம்மா அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "மேஜையை ரெண்டு மாசம் காலியா வைக்கிறேன். அதுக்கு மேல வேற ஆள் போட்டுடுவேன். ஆனா அவளா வரணும். அவங்க அண்ணன் தூக்கிட்டு வந்தா ஊர்வலம் வரும், வேலை வராது."

அந்த இரண்டு மாசம் திங்கட்கிழமை ஒன்பது மணியோடு முடிகிறது.

வண்டி செய்யலாம் என்று முதலில் சொன்னது யார் என்று அண்ணிக்கும் தங்கைக்கும் இன்றுவரை தகராறு. அண்ணி தினமும் காய்கறிப் பையோடு போய்ப் பழைய இரும்புக்கடையில் கொஞ்ச நேரம் நிற்க ஆரம்பித்தாள். கீரைக்கு அடியில் பெடல் வந்தது. பூசணிக்காய்க்குப் பக்கத்தில் பல்சக்கரம் வந்தது. ஒருநாள் முழுசாக ஒரு ரிம்மைப் பையில் போட முடியாமல் தலையில் சும்மாடு மாதிரி வைத்து, அதன்மேல் கூடையை வைத்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த பொருளாளர், "என்னம்மா, கூடைக்குக் கீழ வட்டமா இருக்கு?" என்று கேட்க, "தலை வலிக்காம இருக்க" என்றாள். அவருக்கு அது ஞாயமாகப் பட்டது.

மூன்று சக்கரமும் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்று கொஞ்சம் நொண்டி. "என் மாதிரியே" என்று அதற்குத் தங்கை இரண்டு ஆணி கூடுதலாகப் போட்டாள். முன்சக்கரம் ஏதோ ஒரு சைக்கிளின் பின்சக்கரமாக இருந்தது. அதில்தான் ஃப்ரீவீல் இருக்கும், ஒரு பக்கம் சுற்றினால் பிடித்து இழுக்கிற, மறுபக்கம் சுற்றினால் பிடிகொடுக்காமல் 'டிக் டிக்' என்று நழுவுகிற அந்தப் பல்சக்கரம். பெடலை ஹேண்டில்பார் உயரத்துக்கு ஏற்றி, மிதிக்கிற கட்டைகளைக் கழற்றிவிட்டு, மரத்தாலான பெரிய நூல் உருளைகளைக் கைப்பிடியாக மாட்டினாள். உட்கார, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல்பாதி. இரும்புக்கடைக்காரர் ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

"இது எதுக்கு?" என்றாள் அண்ணி.

"பின்னால யாராவது விரட்டிட்டு வந்தா பாக்கலாம்."

சட்டத்தைப் பற்றவைக்க அண்ணி குழாய்களை இரும்பு கேட் செய்கிற கடைக்குக் கொண்டுபோனாள். "துணி காயப்போட ஸ்டாண்டு" என்றாள்.

பற்றவைக்கிறவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி காயப்போடற ஸ்டாண்டுக்கு அச்சு மாட்ட ஓட்டை எதுக்கு?"

"எங்க வீட்டுத் துணி கொஞ்சம் ஓடும். நீங்க பத்தவைங்க."

வந்து சேர்ந்த சட்டம் அறை மூலையில் நிஜமாகவே துணி காயப்போடும் ஸ்டாண்டாக நின்றது. அண்ணன் தினமும் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து தன் சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். "நல்ல உறுதியா இருக்கே" என்றுகூட ஒருநாள் தட்டிக்கொடுத்தார். காலையில் அவர் போனதும் சட்டை இறங்கும், சக்கரம் ஏறும். சாயங்காலம் சக்கரம் இறங்கும், சட்டை ஏறும்.

கதவை விட வண்டி அகலமாகிப்போயிருக்கும் என்று இதற்குள் ஊகித்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவள் அளந்துதான் செய்தாள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் இடம் மிச்சம்.

தவறு வேறிடத்தில் நடந்தது. செயினை எந்தப் பக்கம் போடுவது என்று அண்ணி போய் சைக்கிள்கடைக்காரரைக் கேட்டாள். அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "எந்த வண்டியா இருந்தாலும் செயின் வலது கைப் பக்கம்மா" என்றார். அண்ணி வந்து அப்படியே சொன்னாள். தங்கை வலது கைப் பக்கம் போட்டாள். அவளுடைய வலது கைப் பக்கம். அவள் வண்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்த எவனுக்கும் இந்தத் தப்பு வராது. பிறந்ததிலிருந்து எல்லா வண்டியையும் எதிரே இருந்தே பார்த்தவளுக்குத்தான் வரும். சக்கரத்தையும் அதற்கேற்றபடி திருப்பி மாட்டினாள். செங்கல்மேல் தூக்கி வைத்துச் சுற்றிப் பார்த்தாள். பிடித்த பக்கம் சுற்றினாள், சக்கரம் ஜோராக ஓடியது.

"ஓடுது அண்ணி" என்றாள்.

செங்கல்மேல் நிற்கிற சக்கரத்துக்கு முன் ஏது, பின் ஏது?

திங்கட்கிழமை எட்டே கால். அண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தங்கையின் அறைக்கு வந்தார். துணி ஸ்டாண்டு ஒரு பழைய போர்வையால் மூடியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. இருபத்துநான்கு வருஷமாகச் செய்கிற மாதிரி, கட்டிலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக் குந்தினார்.

"ம், ஏறு."

ஏறுகிற நேரத்தில் பேசுவது அவர் வழக்கம். சுவரைப் பார்த்தே பேசினார். "இன்னிக்கு நான் நாலு வார்த்தை பேசணுமாம். 'சுமை என்பது முதுகில் இல்லை, மனசில்' அப்படின்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு? விருந்தினர் உன்னைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடு. சிரிக்காத. போன வருஷம் படத்துல நீ சிரிச்சு, எனக்கு ஏதோ லேசான வேலை மாதிரி விழுந்துடுச்சு."

முதுகுக்குப் பின்னால் போர்வை விலகியது. கட்டிலிலிருந்து தங்கை கைகளை ஊன்றி, நாற்காலி மேல்பாதிக்கு மாறினாள். அண்ணி கால்களை எடுத்துப் பலகைமேல் வைத்து ஒரு துணியால் கட்டினாள்.

"ஏறிட்டியா? இன்னிக்கு ஒண்ணும் கனமே தெரியலையே" என்றார் அண்ணன்.

'டிக் டிக் டிக்' என்று சத்தம் வந்தது. தங்கை நூல் உருளைகளைப் பிடித்து முன்னால் சுற்றினாள். வண்டி அசையவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினாள். டிக் டிக் டிக். கதவு எதிரேயே நின்றது, நெருங்கவில்லை. பதற்றத்தில் கை எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றியது. செயின் கடித்துப் பிடித்தது. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பின்னால் போய்ச் சுவரில் மோதியது. பதினொரு பாராட்டுப் பத்திரங்களில் ஏழு கீழே விழுந்தன.

அண்ணன் திரும்பினார்.

முதலில் கண்ணாடிச் சில்லைப் பார்த்தார். பிறகு தன் துணி ஸ்டாண்டுக்குச் சக்கரம் முளைத்திருப்பதைப் பார்த்தார். அதன்மேல் தங்கை இருப்பதைக் கடைசியாகத்தான் பார்த்தார்.

"என்ன இது?"

"வண்டிண்ணா."

"யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. செஞ்சேன்."

"எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?" அவர் குரல் உடைந்தது, அதில் பொய் இல்லை. "உன்னை நான் என்னிக்காவது கீழ விட்டிருக்கேனா?"

"அதுதாண்ணா. ஒருநாள்கூட விடல."

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். அவளைச் சுற்றச் சொன்னார். அவள் சுற்றினாள், டிக் டிக். எதிர்ப்பக்கம் சுற்றச் சொன்னார். வண்டி பின்னால் சுவரை இடித்தது. எட்டாவது பத்திரம் விழுந்தது. அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவமானப்படுத்துகிற சிரிப்பில்லை, குழந்தை கட்டிய வீடு சரிந்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"பின்னாலதான் போகுது, பாத்தியா? இதுக்குத்தான் சொல்றது. வா, நேரமாச்சு" என்று மறுபடி முதுகைக் காட்டிக் குந்தினார்.

தங்கை செயினைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கழற்றி மாட்ட ஒரு மணி நேர வேலை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து.

"அண்ணி, வண்டியைத் திருப்புங்க" என்றாள். "முதுகுப் பக்கம் கதவைப் பாக்கட்டும்."

அண்ணிக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. வண்டியைத் தூக்கித் திருப்பினாள். தங்கை ஸ்கூட்டர் கண்ணாடியைச் சரி பண்ணினாள். கண்ணாடிக்குள் கதவு வந்தது, கதவுக்குள் தெரு வந்தது. கைகள் எதிர்ப்பக்கம் சுற்றின. ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். அண்ணி படியில் பலகையைப் போட்டாள். கடகடவென்று வண்டி தெருவில் இறங்கியது.

சுவரைப் பார்த்துக் குந்தியிருந்த அண்ணன் எழுந்து ஓடி வந்தார். அவள் பின்னால் போக, அவர் முன்னால் வர, இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே தெருவில் போனார்கள்.

"நில்லு."

"பிரேக் இன்னும் சரியா பிடிக்கலண்ணா."

"தெருவே பாக்குது."

"நானும் தெருவைப் பாக்குறேன். இத்தனை வருஷமா உன் பிடரியைத்தான் பாத்தேன். உனக்கு மீசை நரைச்சிருக்கு தெரியுமா?"

அண்ணன் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது.

பின்னால் போகிற வண்டியைத் திருப்புவது லேசில்லை. இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம் போனது. ஒரு பூந்தொட்டி போயிற்று. ஒரு பூனை தன் ஒன்பது உயிரில் இரண்டைச் செலவழித்தது. சாய்ந்த தபால்பெட்டியில் சக்கரம் உரசியதில், அது மறுபக்கம் நிமிர்ந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அண்ணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, எந்த நேரமும் விழுந்தால் பிடிக்கிறவர் மாதிரி, முன்னால் சாய்ந்து நடந்து வந்தார். கைப்பிடியைப் பற்றி நிறுத்திவிட ஒரு நொடி போதும். ஆனால் சன்னலுக்குச் சன்னல் தலைகள். சுமைதாங்கி தங்கையிடம் முரட்டுத்தனம் பண்ண முடியுமா? இருபத்துநான்கு வருஷமாகச் சேர்த்த பெயர் அவரை நாலடி தள்ளியே நடக்க வைத்தது.

தெருமுனையில் சங்கம். வாசலில் பந்தல், மேடை, மைக். சிறப்பு விருந்தினர் சுமைதாங்கியை இதற்குமுன் பார்த்ததில்லை. முதுகில் தங்கையோடு ஒருவர் வருவார் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வந்தது ஒரு மூன்றுசக்கர வண்டி. அதன்மேல் ஒரு பெண். பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கண் கலங்க ஒரு மனிதர். விருந்தினர் அனுபவசாலி. எழுதி வைத்த காகிதத்தை மடித்துவிட்டார்.

"இதோ பாருங்கள்" என்றார் மைக்கில். "முதுகில் சுமந்த அண்ணன், இன்று தன் கையாலேயே தங்கைக்கு வண்டி செய்து கொடுத்து, முதன்முதலாக ஓட்டக் கற்றுக் கொடுத்தபடி வருகிறார்."

கைதட்டல் எழுந்தது.

"செஞ்சது அவ" என்றாள் அண்ணி, பந்தலோரத்திலிருந்து.

"சும்மா இரும்மா, மைக் ஓடுது" என்றார் பொருளாளர்.

நாலு பேர் அண்ணனை மேடைக்குத் தள்ளினார்கள். அவர் மைக்குக்கு முன்னால் நின்றார். உள்ளதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அது அவருக்கும் தெரியும். "நான்..." என்றார். அதற்கே கைதட்டல் இடித்தது. மிச்ச வார்த்தைகள் அதற்குள் அமுங்கிப்போயின. ஓய்ந்தபோது மறுபடி சொல்லியிருக்கலாம். அதற்குள் பதக்கத்தோடு இரண்டு கைகள் எதிரே வந்துவிட்டன. கழுத்து பழக்கமான கழுத்து, தானாகக் குனிந்துகொண்டது.

முன்னால் பார்த்து ஓட்டிப் போயிருந்தால் தங்கை இதைப் பார்த்திருக்க மாட்டாள். அவள் வண்டிதான் பின்னால் போகிறதே. மேடை சின்னதாகிக்கொண்டே போகிற வரைக்கும் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு, கட்டிலிலிருந்து வண்டிக்கு வந்துவிட்ட மணியை இரண்டு தரம் அடித்தாள். மேடையில் அண்ணன் திடுக்கிட்டுத் தன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

மிஷின்கடையில் மணி ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம். கடை அம்மா வாசலில் நின்றார். வண்டியின் பின்பக்கம் முதலில் வந்தது. பிறகு வியர்வையில் குளித்த தங்கை வந்தாள்.

"என்ன பொண்ணு, பின்னாலயே வர்றே?"

"முன்னால வந்தா லேட்டாயிருக்கும்மா."

அவர் மேஜையைக் காட்டினார். மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியை ஓரமாக இழுத்துவிட்டார், வண்டியே போதும்.

சாயங்காலம் அவள் வந்தபடியே பின்னால் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். அறை பெருக்கியிருந்தது. பத்திரங்கள் கட்டிலடியில் அடுக்கியிருந்தன. சக்கரங்கள் இருந்த இடம் இப்போது காலிதானே. அண்ணன் பதக்கத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி மாட்ட இடம் தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

"நான் சொல்லத்தான் போனேன்" என்றார்.

"தெரியும்ணா. பாத்தேன்."

அண்ணன் மடியிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார். பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார். "சங்கத்துல கேக்கறாங்க, வண்டி எப்படிச் செஞ்சேன்னு. பக்கத்துத் தெருவுல ரெண்டு பேருக்குச் செஞ்சு தர்றதா விருந்தினர் மைக்லயே அறிவிச்சுட்டார். எனக்கு... கொஞ்சம் சொல்லிக் குடேன்."

அண்ணி புறங்கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

தங்கை சிரிக்கவில்லை. "செய்யலாம்" என்றாள். "ஆனா அந்த ரெண்டு பேரையும் முதல்ல நான் போய்க் கேக்கணும். எங்க போகணும், எத்தனை மணிக்குப் போகணும்னு. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

அப்போதுதான் சங்கத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். வண்டியையும் அதைச் செய்தவரையும் சேர்த்து ஒரு படம் வேண்டுமாம், சுவரில் மாட்ட. அண்ணன் தங்கையைப் பார்த்தார். அன்றைக்கு முழுவதும் அவர் அவள் முகத்தைப் பார்த்த அளவு, அதற்குமுன் மொத்தமாகப் பார்த்ததில்லை.

"நீ உக்காரு. நீதானே செஞ்சே" என்றார்.

"செஞ்சவர்னா இவர்தானேங்க?" என்றார் போட்டோக்காரர். "எனக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க. நீங்க கொஞ்சம் தள்ளிக்கம்மா, நிழல் விழுது."

"நீயே உக்காருண்ணா" என்று தங்கை கட்டிலுக்கு மாறினாள். "செயினை மாத்தறதுக்கு முன்னாலயே எடுத்துடட்டும்."

படம் எடுத்துப் போனதும் அவள் வண்டியைச் சாய்த்து, ஸ்பேனரை எடுத்தாள். அண்ணன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எதிர்ல உக்காராத, பக்கத்துல வா" என்றாள். "எதிர்ல உக்காந்தா வலது இடதாயிடும்."

அவர் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேர வேலை என்று அவள் நினைத்தது சரிதான். அண்ணன் உதவியதால் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இப்போது அவள் முன்னால்தான் ஓட்டுகிறாள். அவளும் அண்ணியுமாகச் செய்த வேறு ஏழு வண்டிகள் அந்தப் பக்கம் ஓடுகின்றன. சங்கத்துச் சுவரில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. கீழே 'வண்டி செய்த அண்ணன்' என்று எழுதியிருக்கிறது. நாலு படி ஏறிப் போக முடிந்தவர்கள் பார்க்கலாம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தில் பதக்கத்தோடு, எதிர்காலத்தையே பார்க்கிற மாதிரி நேர் முன்னால் பார்க்கிறார். செயின் இடது பக்கம் இருக்கிறது. அந்த வண்டியை எப்படிச் சுற்றினாலும் பின்னால்தான் போகும். இத்தனை வருஷத்தில் சங்கத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.